நிரலும் உரையும்

கணினிக்கு நிரல் எழுதுவோன் எழுத்தாளனா? இவ்வினாவைக் கேட்கும் இலக்கிய அன்பர் சிலர் முறுவலிக்கக் கூடும். கவிஞனும் கதாசிரியனும் உரையாசிரியனும் வீற்றிருக்கும் அவையிலே, எண்களையும் குறிகளையும் அடுக்கிப் பொறியொன்றை ஏவுகின்றவனுக்கு இடம் ஏது என்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. ஆயினும், அத்தொழிலின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். நிரலாக்கத்திலே தலைசிறந்து விளங்கியோர் பலர், பொறிக்காக எழுதியதோடு அமைந்துவிடவில்லை, மனிதருக்காகவும் எழுதினர். தாம் செய்தது யாது, ஏன் அவ்வாறு செய்தோம், எங்கே தவறினோம் என்பனவற்றை ஏட்டிலே பொறித்து வைத்தனர். அவ்வாறு பொறித்து வைக்கத் தவறிய இடங்களிலே நேர்ந்த இழப்புக்களும் சிறியன அல்ல. அவ்வெழுத்தின் பயனையும், அப்பயனுக்குரிய எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி பிறவாமுன் பிறந்த எழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வாழ்ந்த சாள்ஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், 'பகுப்பாய்வுப் பொறி' என ஒன்றை வகுத்தார். 1840ஆம் ஆண்டில் அவர் இத்தாலியிலுள்ள தூரின் நகருக்குச் சென்று அதன் அமைப்பை விளக்கினார். அவ்விளக்கங்களைத் துணைக்கொண்டு லூயிஜி மெனாப்ரியா என்பார் 1842இல் பிரெஞ்சு மொழியிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். கவிஞர் பைரனின் மகளாகிய ஏடா லவ்லேஸ் சீமாட்டி அக்கட்டுரையை ஆங்கிலப்படுத்தினார். அதனோடு, ஏ முதல் ஜீ வரை ஏழு குறிப்புக்களைத் தாமே எழுதிச் சேர்த்து 1843இல் வெளியிட்டார். மூலத்தினும் குறிப்புக்களே நீண்டன. ஏறத்தாழ மூன்று மடங்கு எனலாம். இறுதிக் குறிப்பிலே, பேர்ணூலி எண்கள் எனப்படுவனவற்றை அப்பொறி கொண்டு கணிக்கும் முறையைப் படிப்படியாக அட்டவணையிட்டுக் காட்டினார்.

பாபேஜின் அப்பொறி முற்றுப்பெறவேயில்லை. ஆனால் எழுத்து நின்றது. நூறாண்டுக்குப் பின்னர், 1950இல், பொறி சிந்திக்குமா என்னும் வினாவை அலன் டியூரிங் ஆராய்ந்தபோது, சீமாட்டி அக்குறிப்புக்களிலே கூறிய கருத்தொன்றை எடுத்துக்கொண்டு அதற்கு மறுமொழி கூறினார். இல்லாத பொறிக்கு எழுதப்பட்ட உரை, பொறிகள் உண்டாகிய காலத்திலே விவாதத்திற்கு உரிய பொருளாயிற்று. எழுதி வைத்தலின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிழையேட்டின் தோற்றம்

மெய்யான பொறிகள் உருவாகிய பின்னர் நிலைமை வேறாயிற்று. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் தேதி, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் இரண்டு என்னும் கணினி தடைப்பட்டது. காரணத்தைத் தேடியோர், மின்தொடுகை ஒன்றின் இடையே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடக்கக் கண்டனர். அதனை எடுத்து எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்திருக்கலாம். அவர்களோ, அதனை நாட்குறிப்பேட்டிலே ஒட்டி, நேரத்தையும் குறித்து, வேடிக்கையாக ஒரு வரியும் எழுதி வைத்தனர். பொறியியலார் பழுதினைப் 'பூச்சி' என்று வழங்குவது அதற்கு முன்னரேயே இருந்த வழக்கு. ஆதலாற்றான் அந்த வேடிக்கை. அவ்வேடு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலே பேணப்படுகின்றது. பொறியின் பழுதை நாள்தோறும் எழுதிவந்த வழக்கம் இருந்தமையினாலன்றோ அச்சம்பவம் நமக்கு எட்டியது!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே மொறிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் அமைந்த எட்சாக் என்னும் கணினி, 1949 மே 6இல் தன் முதற் கணக்கைச் செய்தது. சிறிது காலத்துள்ளேயே, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலே கழியப்போகின்றது என்ற எண்ணம் தம்மைத் தாக்கியதாக வில்க்ஸ் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றிலே கூறுகின்றார். அவருடைய குழுவினர் இதற்குக் கண்ட பரிகாரம் யாது? அடிக்கடி வேண்டப்படும் கணிப்புக்களுக்குரிய சிறு நிரல்களை ஒருமுறை செம்மையாக எழுதிச் சோதித்து, நூலகம்போல அடுக்கி வைத்துப் பலரும் எடுத்தாளச் செய்தலே அது. 1951இல் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டனர். நிரலாக்கக் கலைக்கு அச்சேறிய முதற் பாடநூல் அதுவே எனப் போற்றப்படுகின்றது.

அம்மூவருள் ஒருவராகிய வீலர் 1952இல் கூறிய கருத்தொன்று ஊன்றி நோக்கத்தக்கது. நிரலை எழுதிச் சோதித்து முடித்த பின்னரும் ஒரு வேலை எஞ்சி நிற்கின்றது. அதன் உள்ளமைப்பை அறியாத ஒருவரும் எளிதிற் கையாளுமாறு அதற்கு விளக்கம் எழுதுதலே அவ்வேலை. அனைத்தினுங் கடினமானதும் அதுவாகலாம் என்பது அவருடைய கருத்தின் சாரம். கணினித் தொழில் தவழத் தொடங்கிய காலத்திலேயே, அதன் முன்னோடி ஒருவர் உரை எழுதுதலின் அருமையை உணர்ந்திருந்தார் என்பது வியப்பிற்குரியது.

எழுதப்படாத ஒரு காரணம்

இனி, எழுதாமையின் விலை யாது என்பதைக் காண்போம்.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் தேதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து, ஐரோப்பிய நாடுகள் கூடி ஆக்கிய அரியான் ஐந்து என்னும் ரொக்கெற் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. விண்வெளியை ஆராய்வதற்குரிய நான்கு கிளஸ்ரர் செய்மதிகளை அது தாங்கிச் சென்றது. முதன்மை இயந்திரம் இயங்கத் தொடங்கி ஏறத்தாழ 37 செக்கன்கள் கழிந்த அளவில், ரொக்கெற் திடீரெனத் திசை திரும்பிச் சிதறி, வெடித்து அழிந்தது.

ஜாக் லூயி லியோன்ஸ் என்னும் கணித அறிஞரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அவ்வாண்டு ஜூலை 19ஆந் தேதியிட்ட தன் அறிக்கையிலே காரணத்தை விளக்கியது. ரொக்கெற்றின் நிலையையும் திசையையும் கணித்துக் கூறும் கருவியிலே இயங்கிய நிரல், அரியான் நான்கு என்னும் முந்திய ரொக்கெற்றுக்கு எழுதப்பட்டது. அதனை அப்படியே புதியதற்கும் எடுத்தாண்டனர். அந்நிரலிலே, பெரிய எண்ணுருவிலுள்ள ஒரு பெறுமானத்தைப் பதினாறு இருமக் குறிகளுக்குள் அடக்கும் இடம் ஒன்றிருந்தது. அவ்வளவுக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767 ஆகும். புதிய ரொக்கெற், பழையதைக் காட்டிலும் மிக விரைவாகப் பக்கவாட்டு வேகத்தை எய்தியமையால், பெறுமானம் அவ்வெல்லையை மீறியது. கருவி செயலிழந்தது. துணைக் கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்தமையால், அதுவும் அதே காரணத்தினாற் சற்று முன்னரே செயலிழந்துவிட்டது. இவ்வளவுக்கும், அந்தக் கணிப்பினால் நிலத்தை விட்டெழுந்த அரியான் ஐந்துக்கு யாதொரு பயனும் இருக்கவில்லை.

இவ்வபாயத்தை நிரலர் அறியாதிருந்தனரா? அறிந்தே இருந்தனர். அவ்வாறு எல்லை மீறக்கூடிய ஏழு மாறிகளை அவர்கள் இனங்கண்டு, நான்கிற்குக் காப்பு அமைத்தனர். மூன்றினைக் காப்பின்றி விட்டனர். கணினியின் வேலைப்பளு குறித்த அளவை மீறலாகாது என்பது காப்பினைக் குறைத்தமைக்குக் காரணம். விடப்பட்ட மூன்றும் இயற்கையாகவே எல்லைக்குட்பட்டவை, அல்லது எல்லையை எட்டாதபடி போதிய இடைவெளி உடையவை என அவர்கள் கருதினர். பழைய ரொக்கெற்றைப் பொறுத்தவரை அக்கருத்துப் பிழையன்று. ஆனால், அம்முடிவுக்குரிய நியாயம் நிரலின் உள்ளே எங்கேனும் குறிக்கப்பட்டிருந்ததா என விசாரணைக் குழுவினர் தேடியபோது, யாதும் கிடைக்கவில்லை. மலைபோற் குவிந்த ஆவணங்களுக்கு இடையே, வேண்டுமென்றே அல்லவாயினும், அந்த அனுமானம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துகிடந்தது என்று அவர்கள் எழுதினர். அரியான் ஐந்தின் பறப்புப் பாதை பற்றிய விவரங்களை அக்கருவியின் தேவைக் குறிப்பிலே சேர்க்காது விடுவதற்கும் உரியோர் உடன்பட்டிருந்தனர்.

நிரலின் அவ்விடத்திலே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் என்னாகியிருக்கும்? 'இப்பெறுமானம் அரியான் நான்கின் பாதையிலே எல்லையை மீறாது. பாதை மாறினால் மீண்டும் ஆராய்க' என்ற அளவில் ஒரு குறிப்பு. அதனைக் கண்ட ஒருவர் நிச்சயம் விழித்தெழுந்திருப்பார் என்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், விழித்தெழுவதற்கு வாய்ப்பாயினும் இருந்திருக்கும். செய்மதிகளை மீண்டும் ஆக்கி, 2000ஆம் ஆண்டிலே வேறு ரொக்கெற்றுகளில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அறிஞர் பலரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு, ஒரு நொடியிலே வானிற் சிதறிய கதை இது.

தன் தவறுகளைத் தானே தொகுத்தவர்

எழுதாமையின் விலையைக் கண்டோம்; எழுதியதன் பயனையும் காண்பது முறை. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டொனால்ட் கனூத் என்பார், கணினி நிரலாக்கக் கலை பற்றிய பெருநூலின் முதற் பாகத்தை 1968இல் வெளியிட்டவர். 1977இல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கு அச்சுப்படிகள் வந்தபோது, எழுத்துக்களின் அழகின்மை கண்டு மனம் நொந்தார். நூலை நன்கு அச்சிடுதற்குரிய நிரலொன்றைத் தாமே ஆக்கத் துணிந்தார். அதுவே டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரல். கணிதம் பயிலும் உலகு இன்றும் அதன் வழிவந்த கருவிகளைக் கொண்டே தன் நூல்களை அச்சிடுகின்றது.

1978இல் நிரலைச் சோதிக்கத் தொடங்கிய நாள்முதல், கண்ட ஒவ்வொரு பிழையையும் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் கனூத் ஓர் ஏட்டிலே குறித்து வந்தார். பத்தாண்டுகளில் அவை 850க்கு மேற்பட்டன. பிறராயின் அவ்வேட்டைப் பூட்டி வைத்திருப்பர். அவரோ, பதினைந்து வகையாக அவற்றைப் பகுத்து ஆராய்ந்து, 'டெக்கின் பிழைகள்' என்று பெயரிட்டு 1989இல் முழுவதையும் வெளியிட்டார். முறை பிழைத்தது, எழுத்துப் பிழைத்தது, செய்யவேண்டியதை மறந்தது, எதிர்பாராத சூழ்நிலை நேர்ந்தது என அவ்வகைகள் விரியும். தம் நூல்களிலே பிழை காண்போருக்கு 2 டொலர் 56 சதம் பரிசளிக்கும் வழக்கத்தையும் அவர் கைக்கொண்டார். அவர் கையொப்பமிட்ட காசோலையை மாற்றிப் பணமாக்காது, சட்டமிட்டுச் சுவரிலே மாட்டினோர் பலர்.

அவ்வாராய்ச்சியிலே அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. டெக்கின் அமைப்பை விவரித்து 1977 மே மாதத்தில் அவர் ஒரு வரைவு எழுதினார். அது போதியதெனக் கருதி, நிரலாக்கத்தை மாணாக்கர் இருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சீன தேசப் பயணம் மேற்கொண்டார். மீண்டு வந்து தாமே நிரலை எழுதப் புகுந்தபோதுதான், வரைவிலே தாம் முடிவு செய்யாது விட்டவை எத்துணை என்பது புலனாயிற்று. பின்னர், பயன்படுத்துவோருக்கான கைந்நூலையும் தாமே எழுதினார். அப்பொழுதும் புதிய குறைகள் வெளிப்பட்டன. அமைப்பை வகுப்பவனே நிரலையும் எழுதவேண்டும், கைந்நூலையும் எழுதவேண்டும். இன்றேல் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் எவர் நெஞ்சிலும் தோன்றாமலே போகும் என்பது அவர் கண்ட முடிபு. ஒன்றை எளிய மொழியிலே விளக்க இயலாது நாம் இடர்ப்படுகின்றோமாயின், இடர்ப்பாடு பெரும்பாலும் மொழியில் இல்லை, பொருளிலேயே உள்ளது. இதனைக் கட்டுரை எழுதப் பழகும் மாணாக்கரும் நன்கு அறிவர்.

1984இல் கனூத் இன்னுமொரு படி மேற்சென்றார். நிரலைப் பொறிக்கு இடும் கட்டளையாகக் கருதாது, மனிதருக்கு எழுதும் கட்டுரையாகக் கருதுக என்றார். விளக்க உரையும் நிரல் வரிகளும் ஒன்றோடொன்று பின்னிவர, வாசகன் விளங்கிக்கொள்ளும் ஒழுங்கிலே எழுதும் முறையொன்றை வகுத்து, அதற்கு இலக்கிய நிரலாக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். டெக் நிரல் முழுவதும் அவ்வாறே எழுதப்பெற்று, 1986இல் நூலாகவே வெளிவந்தது. நிரலர் எல்லோரும் அம்முறையைத் தழுவினர் அல்லர். நாளும் மாறும் நிரலோடு உரையையும் மாற்றிச் செல்வது பெருஞ்சுமை என்று விட்டவரே மிகுதி. எனினும், நிரலுக்கும் வாசகன் உண்டு என்ற எண்ணம் அழியவில்லை.

எழுத்து மட்டும் போதுமா?

இவ்விடத்திலே மறுதலைக் கருத்தொன்றையும் எடுத்துரைப்பதே நேர்மை. டென்மார்க் நாட்டு அறிஞர் பீற்றர் நௌர் 1985இல் எழுதிய ஆய்வொன்றிலே, நிரலின் உயிர் ஏட்டில் இல்லை, அதனை ஆக்கியோரின் உள்ளத்திலேயே உள்ளது என்று வாதிட்டார். ஒரு குழுவினர் ஆக்கிய மொழிபெயர்ப்பு நிரலை, அதன் வரிகளோடும் விளக்கங்களோடும் மற்றொரு குழுவினர் பெற்று விரிவாக்க முயன்றதை அவர் எடுத்துக் காட்டுகின்றார். ஆவணங்கள் நிறைய இருந்தும், இரண்டாங் குழுவினர் முன்மொழிந்த மாற்றங்கள் நிரலின் கட்டுக்கோப்பைக் குலைப்பனவாக இருந்தன. ஆக்கியோரோ அக்கட்டுக்கோப்புக்கு இயைந்த எளிய வழியை உடனே கண்டு கூறினர். ஆதலின், ஆக்கியோர் பிரிந்து போகும்போது நிரல் இறந்துபடுகின்றது என்பது நௌரின் கொள்கை.

இக்கூற்றை எளிதிலே தள்ளிவிட முடியாது. எழுதி வைத்தும் பயன்படாது போனமைக்கு வேறு சான்றும் உண்டு. 1998 டிசெம்பரில் அமெரிக்கா செவ்வாய்க் கோளை நோக்கி அனுப்பிய வானிலை ஆய்வுக்கலம், 1999 செப்டெம்பர் 23இல் அழிந்தது. உந்துவிசையின் அளவை மெற்றிக் முறையிலே தரவேண்டும் என்று இணைப்பு விதிகளில் எழுதப்பட்டிருந்தும், நிலத்திலிருந்த நிரலொன்று ஆங்கிலேய முறை அளவிலே தந்தமையால், கணக்கு ஏறத்தாழ 4.45 மடங்கு பிழைத்தது. கலத்தின் பாதையிலே ஏதோ குறையுளது என்று வழிநடத்துநர் சிலர் ஐயுற்றும், அவ்வையத்தை அதற்கென அமைந்த முறைப்படி எழுதிப் பதிவு செய்திலர். ஓரிடத்தில் எழுதியதை வாசிப்பார் இல்லை. மற்றோரிடத்தில் வாசிப்பார் இருந்தும் எழுதுவார் இல்லை. இரண்டும் கூடிக் கலத்தை வீழ்த்தின.

ஆகவே, எழுத்தைக் குவிப்பதனால் மட்டும் பயன் விளையாது. எதனை எழுதுவது, எங்கே எழுதுவது என்பனவே வினா. 'இரண்டையும் கூட்டுக' என்னும் நிரல் வரிக்கு அருகே 'இங்கு இரண்டையும் கூட்டுகின்றோம்' என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? நம் உரையாசிரியர்களை நினைந்து பாருங்கள். சூத்திரத்தைப் பதம் பிரித்துப் பொருள் கூறியதோடு நல்லுரையாசிரியன் நின்றுவிடுவதில்லை. இச்சொல் ஈண்டு ஏன் வந்தது, இதனால் விலக்கப்பட்டது யாது என்று விளக்குகின்றான். பிறர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறுகின்றான். நிரலருக்கு வேண்டுவதும் இதுவே. 'என்ன' என்பதை நிரல் தானே கூறும். 'ஏன்' என்பதை எழுதியவனே கூறவேண்டும். எவ்வழிகளை ஆராய்ந்து கைவிட்டோம், எவ்வனுமானத்தின் மேல் இது நிற்கின்றது, அவ்வனுமானம் எப்பொழுது பொய்க்கும் என்னும் மூன்றும் நிரலிலிருந்து எவராலும் உய்த்துணரத்தக்கன அல்ல. நௌர் கூறிய உள்ளத்து அறிவு முழுவதையும் ஏட்டிலே இறக்கிவிட முடியாது, உண்மையே. ஆயின், இவை மூன்றும் எழுதப்பட்டால், பின்வருவோன் அவ்வறிவைத் தன் உள்ளத்திலே மீண்டும் கட்டியெழுப்ப ஓர் அத்திவாரமாவது கிடைக்கும்.

செம்மை அஞ்சி எழுதாதிருத்தல்

எழுதாமைக்குச் சோம்பலன்றி வேறொரு காரணமும் உண்டு, அது கூச்சம். முற்றுப்பெறாத எண்ணத்தை எழுதினால் பிறர் நகைப்பரோ என்னும் அச்சம். இன்று உலகெங்கும் பரந்துள்ள இணையத்தின் முன்னோடி வலையமைப்பு உருவாகிய காலத்திலே, அதற்குரிய விதிகளை வகுக்க முற்பட்ட பட்டதாரி மாணாக்கரும் இவ்வச்சத்திற்கு ஆளாயினர். அவருள் ஒருவரான ஸ்ரீவ் குறொக்கர், உடன் தங்கியிருந்தோரின் உறக்கத்தைக் கெடுக்கலாகாதென்று இரவிலே குளியலறையிலிருந்து முதற் குறிப்பை எழுதினார் என்பர். 1969 ஏப்ரில் 7ஆந் தேதியிட்ட அக்குறிப்பினை, விதி என்றோ ஆணை என்றோ கூறாது, 'கருத்துரை வேண்டல்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். மெருகூட்டப்படாத எண்ணங்களும் வரவேற்கப்படும் என்று அம்மாதமே வெளிவந்த மூன்றாவது குறிப்பு அறிவித்தது. அவ்வரிசை இன்று 9,000ஐக் கடந்துவிட்டது. இணையத்தின் விதிகள் பல அப்பணிவான பெயரின் கீழேயே வெளிவந்தன. குறையுடையதாயினும் எழுதப்பட்டதைத் திருத்தலாம்; எழுதப்படாததைத் திருத்துவது எங்ஙனம்?

இன்று நிரலர் கைக்கொள்ளும் கருவிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் போன்ற கருவிகள், நிரலிலே செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு குறிப்பைச் சேர்த்துப் பேணுகின்றன. அக்குறிப்பிலே 'பிழை திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதி அமைவோரும் உளர். இன்ன காரணத்தால் இன்னது பிழைத்தது, இவ்வாறு திருத்தியதன் நியாயம் இது என்று எழுதுவோரும் உளர். ஐந்தாண்டு கழித்து நள்ளிரவிலே அந்நிரல் பழுதுபடும்போது, அதனைச் செப்பனிட வருபவன் இவ்விருவருள் யாரை வாழ்த்துவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாறு வருபவன் பெரும்பாலும் வேறொருவன். சில வேளை, எழுதியதை மறந்துவிட்ட அவனே.

நம் பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. மாணாக்கன் எழுதிய நிரல் சரியான விடையைத் தருகின்றதா என்று பார்ப்பதோடு ஆசிரியர் அமைந்துவிடலாகாது. 'இவ்வழியை ஏன் தெரிந்தாய்? வேறு வழி எது? உன் நிரல் எந்நிலையிலே தோற்கும்?' என மூன்று வினாக்களைக் கேட்டு, விடைகளைத் தன் சொந்தத் தமிழிலே நாலைந்து வாக்கியங்களில் எழுதச் செய்தல் வேண்டும். பொறிகளே நிரல் வரிகளை எழுதித் தரும் காலம் இது, வரிகள் மலிந்துவிட்டன. எனவே, அவ்வரிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்குப் பொறுப்பேற்று எழுதக்கூடியவனின் தேவை முன்னையிலும் மிகுந்துள்ளது. மொழியாசிரியரும் தொழினுட்ப ஆசிரியரும் ஒருவர் வேலையை ஒருவர் அந்நியமெனக் கருதுதல் இனியும் பொருந்தாது.

நிரலெழுதுவோன் எழுத்தாளனா என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். பொறிக்கு மட்டும் எழுதுமளவும் அவன் கைவினைஞன். தனக்குப் பின் வருவானை மனத்திற்கொண்டு, தான் கொண்ட காரணங்களையும் தன் அனுமானங்களின் எல்லையையும் எவன் எழுதி வைக்கின்றானோ, அவன் எழுத்தாளனே. அவனுடைய வாசகர் சிலராகலாம். அச்சிலரின் கையிலே, கூருவிலிருந்து எழுந்த ரொக்கெற்றைப் போன்ற ஒன்று ஒப்படைக்கப்பட்டிருக்கலாம்.